மான் வளர்த்த தத்துவஞானி

1160-களின் பிற்பகுதி. வட ஆப்பிரிக்காவையும் தென் ஸ்பெயினையும் ஆண்ட முவஹ்ஹித் பேரரசின் கலீஃபா அபூ யஅகூப் யூசுஃபின் முன்னால் இப்னு ருஷ்து நிற்கிறார். பிற்காலத்தில் அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுதி ஐரோப்பா முழுக்கப் பெயர் பெறப்போகிறவர். ஆனால் அன்றைக்கு அந்த அவைக்குப் புதியவர். பெயரும் குலமும் விசாரித்த கையோடு கலீஃபா ஒரு கேள்வியைப் போட்டார். வானத்தைப் பற்றித் தத்துவவாதிகள் என்ன சொல்கிறார்கள்? அது என்றென்றும் இருப்பதா, ஒரு காலத்தில் உண்டாக்கப்பட்டதா?

இப்னு ருஷ்துக்கு வெலவெலத்துப் போயிற்று. என்றென்றும் இருப்பது என்றால் படைப்பை மறுத்ததாக ஆகிவிடும். உண்டாக்கப்பட்டது என்றால் தான் படித்த அரிஸ்டாட்டிலை மறுத்ததாக ஆகும். தத்துவம் படித்ததே இல்லை என்று சொல்லிவிட்டார். கலீஃபாவுக்கு அவருடைய பயம் புரிந்தது. பக்கத்தில் இருந்த முதியவரிடம் திரும்பி, அதே கேள்வியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் சொன்னது, அவர்களை மறுத்து முஸ்லிம் அறிஞர்கள் சொன்னது என்று பேச்சு நீண்டது. கேட்டுக்கொண்டே இருந்த இப்னு ருஷ்துக்குப் பயம் தெளிந்தது, வாய் திறந்தார். அன்று பணமும் ஓர் அங்கியும் சவாரிக்கு ஒரு விலங்கும் பரிசாகப் பெற்று வீடு திரும்பினார். அவரே பின்னாளில் சொன்னதாக மர்ராகுஷி என்ற வரலாற்றாசிரியர் பதிவு செய்திருக்கும் நிகழ்ச்சி இது.

பக்கத்தில் இருந்த அந்த முதியவர்தான் இப்னு துஃபைல். இப்னு ருஷ்தை அரண்மனைக்கு அழைத்துப் போனதும் அவர்தான். அரிஸ்டாட்டிலின் நூல்கள் புரியும்படி இல்லையே என்று கலீஃபா வருந்தியபோது, "எனக்கு வயதாகிவிட்டது, அரசுப் பணி வேறு. இதை நீங்கள் செய்யுங்கள்" என்ற பொருளில் சொல்லி உரை எழுதும் வேலையை இப்னு ருஷ்திடம் ஒப்படைத்ததும் அவர்தான்.

இப்படி ஒருவருக்குக் கதவு திறந்துவிட்டவர் எழுதிய கதையின் நாயகனுக்கு ஆசிரியரே கிடையாது. தாய் தகப்பன் கிடையாது. மொழி கிடையாது. அந்தக் கதையின் பெயர் 'ஹய்யு இப்னு யக்ழான்'. 'விழித்திருப்பவனின் மகன் உயிருள்ளவன்' என்று பொருள்.

இப்னு துஃபைல் 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய ஸ்பெயினில் கிரனாடாவுக்குப் பக்கத்தில் உள்ள வாதி ஆஷ் என்ற ஊரில் பிறந்தவர். அந்த ஊரின் இன்றைய பெயர் குவாதிஸ். தொழிலால் மருத்துவர். கிரனாடாவில் ஆளுநரின் செயலராக இருந்தார். கடைசியில் கலீஃபாவின் அரண்மனை மருத்துவராக ஆனார். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகளில் மருத்துவத்தைச் செய்யுளாகவே எழுதியிருக்கிறார். வானியலிலும் ஈடுபாடு உண்டு, பழைய கிரேக்க அறிஞர் தாலமியின் வானியலைக் கேள்வி கேட்ட அல்-பித்ரூஜி அவருடைய மாணவர். 1185-இல் மராக்கிஷ் நகரில் காலமானார். இவற்றுள் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: கதையை எழுதியவர் ஒரு மருத்துவர்.

தத்துவத்துக்கு எதற்குக் கதை?

ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று அறிய விரும்பும் விஞ்ஞானி என்ன செய்வார்? மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பார். செடிக்கு வெளிச்சம் தேவையா என்று தெரிய வேண்டுமானால் ஒரு தொட்டியை இருட்டறையில் வைப்போம். ஆனால் சில கேள்விகளுக்கு அப்படிச் சோதனை செய்ய முடியாது, செய்யவும் கூடாது. யாரும் எதுவும் சொல்லித்தராத ஒரு மனிதன், தன் அறிவை மட்டும் வைத்துக்கொண்டு எதுவரை போவான் என்பது அப்படிப்பட்ட கேள்வி. அதற்காக ஒரு குழந்தையைக் கொண்டுபோய்த் தீவில் விட முடியுமா? மனத்துக்குள்தான் விட்டுப் பார்க்க வேண்டும். இதைத்தான் தத்துவத்தில் சிந்தனைச் சோதனை என்கிறார்கள்.

இப்னு துஃபைலுக்கு முன்பே இதில் ஒரு பெரிய கை இருந்தது. மருத்துவரும் தத்துவவாதியுமான இப்னு சீனா சொன்ன 'மிதக்கும் மனிதன்' புகழ்பெற்ற ஒன்று. ஒருவன் வெட்டவெளியில் மிதக்கிறான். எதையும் பார்க்கவில்லை, கேட்கவில்லை. கைகால்கள் ஒன்றையொன்று தொடவும் இல்லை. தனக்கு உடல் இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது. அப்போதும் 'நான் இருக்கிறேன்' என்பது அவனுக்குத் தெரியுமா? தெரியும் என்றார் இப்னு சீனா. ஒரு பத்தியில் முடிந்துவிடும் சோதனை அது.

இப்னு துஃபைல் செய்தது அந்த ஒரு பத்தியை ஐம்பது ஆண்டு வாழ்க்கையாக விரித்தது. 'ஹய்யு இப்னு யக்ழான்' என்ற பெயரைக்கூட அவர் இப்னு சீனாவின் ஓர் உருவகக் கதையிலிருந்துதான் எடுத்தார். அங்கே அது வழிகாட்டும் முதியவர் ஒருவரின் பெயர். இங்கே பிறந்த குழந்தைக்குப் போய்விட்டது. நூலைப் படிக்கும்போது இந்தப் பெயர்மாற்றமே ஒரு அறிவிப்பு மாதிரி எனக்குப் படுகிறது. வழிகாட்டி போய்விட்டார், வழி தேடுகிறவன் மட்டும் இருக்கிறான்.

ஏன் கட்டுரையாக எழுதவில்லை என்று கேட்கலாம். கட்டுரை முடிவுகளைச் சொல்லும். ஒரு முடிவுக்கு முன்னால் இருந்த திகைப்பு, தவறு, கண்ணீர் எல்லாம் அதில் உதிர்ந்துவிடும். அறிவு ஒரு மனிதனுக்குள் எந்த வரிசையில் வளர்கிறது, ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்ததை ஏன் கேட்கவே முடியாது என்பதைக் காட்ட வேண்டுமானால் ஒருவன் வளர்வதைக் காட்டியாக வேண்டும்.

குழந்தை வந்த விதம்

இந்தியத் தீவுகளுள் ஒன்று, நிலநடுக்கோட்டில் இருப்பது என்று மட்டும் நூல் சொல்கிறது. பெயர் சொல்லவில்லை. அங்கே ஒரு குழந்தை. அது எப்படி வந்தது என்பதற்கு இப்னு துஃபைல் இரண்டு கதைகள் தருகிறார்.

முதலாவதில், தட்பவெப்பம் மிகச் சமமாக இருக்கும் அந்தத் தீவில் களிமண் புளித்து, குமிழி எழுந்து, அதிலிருந்து தாய் தகப்பன் இல்லாமல் குழந்தை உருவாகிறது. இரண்டாவதில், பக்கத்துத் தீவின் அரசன் தன் தங்கைக்குத் தகுந்த மாப்பிள்ளை இல்லையென்று அவளைக் கல்யாணம் செய்யவிடாமல் வைத்திருக்கிறான். அவள் யக்ழான் என்ற உறவினனை ரகசியமாக மணந்து பிள்ளை பெறுகிறாள். அண்ணனுக்குப் பயந்து, பாலூட்டி, பேழையில் வைத்து, இறைவனிடம் ஒப்படைத்துக் கடலில் விடுகிறாள். அலை பேழையை மறு தீவின் கரையில் சேர்க்கிறது.

எதை வேண்டுமானாலும் நம்பிக்கொள்ளுங்கள் என்று வாசகரிடமே விட்டுவிடுகிறார். இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன: அழும் குழந்தை, குட்டியைக் கழுகுக்குப் பறிகொடுத்த ஒரு பிணைமான். குழந்தையின் குரலைத் தன் குட்டியின் குரல் என்று எண்ணி மான் வந்தது. பால் கொடுத்தது. வெயிலில் நிழலுக்குக் கொண்டுபோனது, குளிரில் அணைத்துக்கொண்டது.

பையன் மான்களின் குரலைக் கற்றான். கூப்பிட ஒரு குரல், பயத்துக்கு ஒரு குரல், நெருக்கத்துக்கு ஒரு குரல். வளர வளர ஒரு குறை அவனை வாட்டியது. மற்ற விலங்குகளுக்குக் கொம்பு இருக்கிறது, பல் இருக்கிறது, உடம்பை மறைக்க மயிரும் வாலும் இருக்கின்றன. தனக்கு ஒன்றும் இல்லை. ஏழு வயதை எட்டும் வரை காத்திருந்தான், எதுவும் முளைக்கவில்லை. இலைகளைக் கோத்துக் கட்டிக்கொண்டான், அவை காய்ந்து உதிர்ந்தன. பிறகு செத்துக் கிடந்த ஒரு கழுகின் சிறகையும் வாலையும் எடுத்துப் போர்த்திக்கொண்டான். கையில் ஒரு கழி எடுத்தான். கை என்பது என்னவெல்லாம் செய்யும் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

மான் இறந்த நாள்

நூலில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் இது. அவசரப்படாமல் பார்க்கலாம்.

மான் கிழடாகி, மெலிந்து, ஒருநாள் அசைவற்றுப் போகிறது. பையன் வழக்கமாகக் கூப்பிடும் குரலில் கூப்பிடுகிறான். பதில் இல்லை. தன் உயிரே போய்விடும்போல் துடிக்கிறான். கண்ணைப் பார்க்கிறான், காதைப் பார்க்கிறான், எங்கும் காயமில்லை. மரணம் என்ற சொல்லே அவனிடம் இல்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவிடம் ஏதோ அடைபட்டிருக்கிறது, எடுத்துவிட்டால் எழுந்துவிடுவாள் என்பதுதான்.

ஏன் 'அடைப்பு' என்று நினைத்தான்? தன் உடம்பிலேயே பார்த்திருக்கிறான். கண்ணை மூடினால் பார்வை போகிறது, திறந்தால் வருகிறது. காதில் விரலை வைத்தால் கேட்காது, எடுத்தால் கேட்கும். மூக்கும் அப்படியே. ஆக, மானின் எல்லாச் செயல்களும் ஒரே சமயத்தில் நின்றிருக்கின்றன என்றால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் உறுப்பு உள்ளே எங்கோ இருக்க வேண்டும், அங்கேதான் தடை என்று முடிவுக்கு வருகிறான்.

அந்த உறுப்பு எங்கே? கையில்லாமல் இருப்பதை, காலில்லாமல் இருப்பதை அவனால் கற்பனை செய்ய முடிகிறது. கண்ணும் காதும் இல்லாமல்கூட. ஆனால் நெஞ்சுக்குள் துடிக்கும் ஒன்று இல்லாமல் ஒரு கணம் இருப்பதை அவனால் நினைக்கவே முடியவில்லை. மிருகங்களோடு சண்டை போடும்போதும் தன் கை தன்னையறியாமல் நெஞ்சைத்தான் காத்தது என்பதும் நினைவுக்கு வருகிறது.

அடுத்து ஒரு தயக்கம். நெஞ்சைத் திறந்தால் அதுவே கெடுதலாகிவிட்டால்? யோசிக்கிறான். இந்த நிலைக்குப் போன எந்த விலங்காவது தானாக எழுந்ததைப் பார்த்திருக்கிறேனா? இல்லை. விட்டுவிட்டால் நம்பிக்கையே இல்லை, திறந்தால் கொஞ்சம் உண்டு. திறக்கிறான். இறங்கும் முன் லாப நட்டம் எடை போடும் ஓர் அறுவை மருத்துவரின் மனம் இந்த வரிகளில் இருக்கிறது. இப்னு துஃபைல் தன் தொழிலிலிருந்து எடுத்து வைத்த பக்கம் இது என்று எனக்குத் தோன்றுகிறது.

கல் சில்லுகளும் காய்ந்த மூங்கில் சிராய்களுமே கத்தி. விலாவுக்கு நடுவே கீறி உள்ளே போகிறான். முதலில் நுரையீரல் தட்டுப்படுகிறது. அது ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கிறது, தேடுவது நடுவில் இருக்க வேண்டும் என்று மேலும் போகிறான். உறை போர்த்திய இதயம் கிடைக்கிறது. அதிலும் காயமில்லை. அதையும் பிளக்கிறான். உள்ளே இரண்டு அறைகள். வலப்பக்க அறையில் உறைந்த ரத்தம். ரத்தம் உடம்பு முழுக்கத்தான் இருக்கிறது, தேடுவது அதுவல்ல. இடப்பக்க அறை காலி.

அந்தக் காலி அறையைப் பார்த்துக்கொண்டு அவன் அடைகிற முடிவில்தான் கதை திரும்புகிறது. இங்கே ஏதோ ஒன்று இருந்தது. போய்விட்டது. தன்னிடம் அன்பு காட்டியது, பால் கொடுத்தது எல்லாம் அந்தப் போய்விட்ட ஒன்றுதான். இந்த உடம்பு அதன் கருவி, அவன் கையில் இருக்கும் கழி மாதிரி. அந்தக் கணத்தில் அவன் பாசம் உடம்பை விட்டு, கண்ணுக்குத் தெரியாத அதன் சொந்தக்காரரை நோக்கிப் போகிறது.

உடம்பு நாற ஆரம்பிக்கிறது. என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு காகங்கள் சண்டையிட்டு, ஒன்று மற்றதைக் கொல்கிறது. கொன்ற காகம் மண்ணைக் கீறிக் குழி தோண்டிப் பிணத்தை மறைக்கிறது. அதைப் பார்த்துத் தானும் மானைப் புதைக்கிறான். குர்ஆனில் ஆதமின் மகன் காகத்தைப் பார்த்துச் சகோதரனைப் புதைக்கக் கற்றது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே புதைப்பவன் கொலைகாரன். இங்கே புதைப்பவன் மகன்.

இந்த நூலைத் தனி மனித அறிவின் வெற்றிக் கதையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பாதிதான் சரி. அந்தப் பையன் உயிர் என்பது என்ன என்ற ஆராய்ச்சியில் இறங்கியது ஆர்வத்தால் அல்ல, அம்மாவைத் திரும்பப் பெற வேண்டும் என்ற தவிப்பால். ஆசிரியர் இல்லையே தவிர, மான் இருந்தது, காகம் இருந்தது.

தீயிலிருந்து வானம் வரை

ஒருநாள் நாணற்காட்டில் தண்டுகள் உரசித் தீப்பிடிக்கிறது. கையை வைத்துச் சுட்டுக்கொள்கிறான். எரியாத முனையைப் பிடித்து ஒரு கொள்ளியை இருப்பிடத்துக்குக் கொண்டுவந்து, காய்ந்த புல்லும் விறகும் போட்டு அணையாமல் காக்கிறான். கடல் விலங்கொன்றை அதில் போட, வந்த மணத்தில் நாக்கு ஊறுகிறது. சமையல் தெரிந்துவிட்டது. அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்றும் வருகிறது. உயிரோடு இருக்கும் விலங்கு சூடாக இருக்கிறது, செத்தால் குளிர்ந்துவிடுகிறது. அப்படியானால் மானை விட்டுப் போனது இந்தத் தீயைப் போன்ற ஒன்றா? உயிருள்ள ஒரு விலங்கின் இதயத்தைத் திறந்து இடது அறையில் விரலை விடுகிறான். கையைச் சுடும் ஆவி இருக்கிறது. அது வெளியேறியதும் விலங்கு இறக்கிறது.

படிக்கக் கொடுமையாக இருக்கும் இடம்தான். இதே ஆள் பின்னால் எப்படி மாறுகிறான் என்பதற்காக இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்னு துஃபைல் வாழ்நாளை ஏழேழு ஆண்டுகளாகப் பிரிக்கிறார். மூவேழு 21-இல் தோல் உடுத்தவும் களஞ்சியம் கட்டவும் விலங்குகளைப் பழக்கவும் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு கை ஓய்ந்து, மனம் வேலை செய்கிறது. எத்தனையோ மான்கள், ஆனாலும் மான் என்ற வகை ஒன்று. எத்தனையோ உயிர்கள், ஆனாலும் உயிர் ஒன்று. களிமண்ணை உருண்டையாகப் பிடிக்கலாம், கட்டியாக்கலாம். வடிவம் மாறும், ஆனால் நீளமும் அகலமும் ஆழமும் ஏதோ ஓர் அளவில் இருந்தே தீரும். தண்ணீரைச் சுட வைத்தால் ஆவியாகி மேலே போகிறது. கீழே இறங்குவதே இயல்பாக இருந்த ஒன்று மேலே போகிறதென்றால், அதன் தன்மையை மாற்றுகிற ஏதோ ஒன்று வேறாக இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மாற்றுகிறவர் ஒருவர் வேண்டும் என்ற இடத்துக்கு வந்து, நாலேழு 28 வயதில் நிமிர்ந்து வானத்தைப் பார்க்கிறான்.

இப்போது அரண்மனையில் இப்னு ருஷ்தை நடுங்க வைத்த அதே கேள்வி, யாருமில்லாத தீவில் ஹய்யின் முன்னால் வருகிறது. இந்த உலகம் என்றென்றும் இருப்பதா, இல்லாமலிருந்து உண்டானதா?

பல ஆண்டுகள் யோசித்தும் அவனால் தீர்க்க முடியவில்லை. இரண்டு பக்கத்துக்கும் வலுவான வாதம் இருக்கிறது, இரண்டுக்கும் வலுவான மறுப்பும் இருக்கிறது. பிறகு கேள்வியை வேறு பக்கமாகத் திருப்புகிறான். உண்டானது என்றால் உண்டாக்கியவர் வேண்டும், அவர் இன்னொரு பொருளாக இருக்க முடியாது. என்றென்றும் இருப்பது என்றால் அதன் இயக்கத்துக்கு முடிவே இல்லை. முடிவில்லாத ஆற்றல் எல்லையுள்ள ஒரு பொருளுக்குள் அடங்காது. ஆக அதை இயக்குகிறவரும் பொருளாக இருக்க முடியாது. எந்தப் பாதையில் போனாலும் உருவமில்லாத ஒருவரிடம்தான் போய்ச் சேர்கிறோம்.

உலகம் என்றென்றும் இருந்தாலும் இறைவனைச் சார்ந்து இருக்க முடியுமா? அதற்கு இப்னு துஃபைல் தரும் உவமை எளிமையானது. ஒரு பொருளைக் கைக்குள் மூடிக்கொண்டு கையை அசையுங்கள். பொருளும் அசையும். கை முதலில் அசைந்தது, பொருள் பிறகு அசைந்தது என்று நேரத்தில் பிரிக்க முடியாது. ஆனாலும் பொருள் அசைவது கையால்தான். நேரத்தில் முன்பின் இல்லாவிட்டாலும் ஒன்று மற்றதற்குக் காரணமாக இருக்கலாம். நூற்றாண்டுகளாக இரண்டு அணிகளாக நின்று வாதிட்டவர்களுக்கு நடுவே, நீங்கள் இருவரும் ஒரே வாசலுக்குத்தான் வருகிறீர்கள் என்று சொல்ல அவருக்கு ஒரு கைப்பிடி போதுமாக இருந்தது.

ஐயேழு 35 வயதில் இந்த எண்ணம் அவனை முழுவதுமாக ஆட்கொண்டுவிடுகிறது. எதைப் பார்த்தாலும் அதைச் செய்தவர் நினைவு. அந்த அறிவு தன்னுடைய எந்தப் புலனாலும் கிடைக்கவில்லை என்பதால், அறிகிற 'தான்' உடம்பு அல்ல என்றும் தெளிகிறான். அதன் பிறகுதான் 'எப்படி வாழ்வது' என்ற கேள்வி.

தன்னிடம் மூன்று ஒற்றுமைகளைக் காண்கிறான். உண்டு உறங்குவதில் விலங்கைப் போல. தூய்மையும் ஒழுங்கும் கொள்வதில் வானத்துக் கோள்களைப் போல. அறிவதில், இருந்தே தீர வேண்டிய அந்த ஒருவரின் சாயல். முதலாவதை வேண்டிய அளவோடு நிறுத்திக்கொள்கிறான். பழுத்த கனியின் சதையை உண்டு, விதையைப் பாறையிலோ உவர்நிலத்திலோ எறியாமல், முளைக்கக்கூடிய மண்ணில் போடுகிறான். கனி கிடைக்காவிட்டால் மட்டுமே கீரை, அதிலும் மிகுதியாக இருக்கும் வகையாகப் பார்த்து, வேரோடு பிடுங்காமல். அதுவும் இல்லாவிட்டால்தான் முட்டையோ இறைச்சியோ, அதிலும் ஓர் இனம் அற்றுப்போகாதபடி. பசி அடங்கினால் போதும், அதற்கு மேல் ஒரு கவளம் இல்லை.

கோள்கள் கீழே உள்ளவற்றுக்கு ஒளியும் வெப்பமும் தருவதுபோலத் தானும் தர வேண்டும் என்று கிளம்புகிறான். ஒரு செடியின் மேல் இன்னொன்று நிழல் விழுத்தினால் விலக்குகிறான். கொடி சுற்றிக்கொண்டால் இரண்டுக்கும் நோகாமல் பிரிக்கிறான். வாடினால் நீர் வார்க்கிறான். விலங்கின் உடம்பில் முள் தைத்திருந்தால் எடுக்கிறான், கண்ணில் தூசி விழுந்திருந்தால் துடைக்கிறான். ஓடை அடைபட்டிருந்தால் கல்லைப் புரட்டுகிறான். உயிர் என்னவென்று அறிய உயிருள்ள நெஞ்சைப் பிளந்தவன்தான் இவன். சுற்றுச்சூழல் என்ற சொல் இல்லாத காலத்தில் ஒரு மருத்துவர் எழுதியது இது.

மூன்றாவது, குகைக்குள் கண்மூடி அமர்ந்து தியானம். ஐம்பதை எட்டும்போது அவன் எதைக் கண்டான் என்பதை இப்னு துஃபைல் நேராகச் சொல்லவில்லை. கண்ணாடியில் விழும் சூரியன், அந்தக் கண்ணாடியிலிருந்து இன்னொரு கண்ணாடியில் விழும் சூரியன் என்று உவமைகளாகவே போகிறார். 'நானே அவர்' என்று ஒரு கணம் மயங்கிவிடுவதும் உண்டு, அது பிழை என்று பிறகு தெளிகிறான். இந்தப் பகுதியை விளக்கிவிட்டதாக நான் சொல்லப்போவதில்லை. சொல்லால் பிடிக்க முடியாதது என்று அவரே சொன்ன பிறகு பேசாமல் கடப்பதுதான் மரியாதை.

ஐரோப்பாவுக்குப் போன பாதி

1349-இல் நார்போனைச் சேர்ந்த மோசே என்ற யூத அறிஞர் இந்த நூலுக்கு எபிரேய மொழியில் உரை எழுதினார். 1671-இல் ஆக்ஸ்ஃபோர்டில் எட்வர்ட் பொக்காக்கின் மகன், தந்தையின் பெயரையே கொண்டவர், அரபு மூலத்தோடு லத்தீன் மொழிபெயர்ப்பை வெளியிட்டார். லத்தீனில் அவர் வைத்த தலைப்பின் பொருள் 'தானே கற்ற தத்துவஞானி'. அடுத்த ஆண்டே டச்சு மொழியில் வந்தது. 1674-இல் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஜார்ஜ் கீத் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். ஒவ்வொருவருக்குள்ளும் ஓர் ஒளி இருக்கிறது, அதற்கு நடுவில் குரு தேவையில்லை என்று நம்பிய கூட்டத்துக்கு ஹய் பிடித்துப் போனதில் வியப்பில்லை. 1708-இல் சைமன் ஆக்லி அரபு மூலத்திலிருந்தே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

1719-இல் 'ராபின்சன் குரூசோ' என்ற ஆங்கில நாவல் வந்தது. தீவு, தனி மனிதன், பிறகு வந்து சேரும் இரண்டாவது மனிதன் என்ற ஒற்றுமைகளைக் காட்டி, அதற்கு இதுதான் முன்னோடி என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வேற்றுமைதான் பெரிதாகத் தெரிகிறது. குரூசோ கப்பலிலிருந்து துப்பாக்கியும் கோடாரியும் பைபிளும் எடுத்துக்கொண்டுதான் கரையேறுகிறான். விட்டுவந்த உலகத்தைத் தீவில் மறுபடி கட்டுகிறான். ஹய்யிடம் மறுபடி கட்ட எதுவுமில்லை.

லத்தீன் தலைப்பு ஒரு குறையும் செய்துவிட்டது. 'தானே கற்றவன்' என்று கேட்டவுடன் குகைத் தியானத்தோடு கதை முடிந்துவிட்டதாகத் தோன்றும். நூலின் கடைசிப் பகுதி, என் கணக்கில் மிகத் துணிச்சலான பகுதி, அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

அப்ஸால் வருகிறான்

பக்கத்துத் தீவில் ஒரு மார்க்கம் இருக்கிறது, நபி ஒருவர் கொண்டுவந்தது. அங்கே அப்ஸால், ஸலாமான் என்று இரண்டு நண்பர்கள். இருவருமே நல்லவர்கள். ஸலாமான் சட்டத்தின் சொல்லைப் பற்றிக்கொண்டு மக்களோடு வாழ்பவன். அப்ஸால் சொல்லின் உட்பொருளைத் தேடித் தனிமையை விரும்புகிறவன். அப்ஸால் தன் சொத்தை விற்று, ஒரு பகுதியில் படகு பிடித்து, மீதியை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, ஆளில்லாத தீவு என்று எண்ணி ஹய்யின் தீவில் வந்து இறங்குகிறான்.

ஹய் முதன்முதலாக ஒரு மனிதனைப் பார்க்கிறான். அது என்ன விலங்கு என்று தெரியவில்லை. அப்ஸால் பயந்து ஓட, இவன் துரத்திப் பிடிக்கிறான். கையில் அகப்பட்டவன் நடுங்குவதைப் பார்த்து, விலங்குகளிடம் கற்ற குரல்களால் ஆறுதல் சொல்கிறான், தலையைத் தடவிக் கொடுக்கிறான். அப்ஸால் தனக்குத் தெரிந்த மொழிகளையெல்லாம் பேசிப் பார்க்கிறான், ஒன்றும் நடக்கவில்லை. கொண்டுவந்த உணவை நீட்டுகிறான். ஹய்க்குத் தயக்கம், தன் உணவு விரதம் கெடுமே என்று. ஆனாலும் எதிரில் இருப்பவன் மனம் நோகக் கூடாதென்று சாப்பிடுகிறான்.

அப்ஸால் ஒவ்வொரு பொருளாகச் சுட்டிக் காட்டிப் பெயர் சொல்லித் தருகிறான். கொஞ்ச நாளில் ஹய் பேசிவிடுகிறான். தான் கண்டதை அவன் சொல்லச் சொல்ல அப்ஸாலுக்கு மெய்சிலிர்க்கிறது. தன் மார்க்கம் இறைவன், மலக்குகள் என்னும் வானவர்கள், சொர்க்கம், நரகம் என்று சொன்னதெல்லாம் இவன் நேரில் கண்டதன் உருவகங்களாகத் தெரிகின்றன. அவன் ஹய்யை இறைநேசராகவே மதித்துப் பணிவிடை செய்கிறான். ஹய்யும் அப்ஸால் சொன்ன மார்க்கத்தை ஏற்று, தொழுகையும் நோன்பும் கற்கிறான். அறிவும் வேதமும் ஒன்றையொன்று வெல்லவில்லை. ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன.

இரண்டு விஷயம் மட்டும் ஹய்க்குப் புரியவில்லை. அந்த நபி உண்மையை ஏன் நேராகச் சொல்லாமல் உருவகமாகச் சொன்னார்? மனிதர்கள் சொத்துச் சேர்க்கவும் வேண்டியதை உண்ணவும் ஏன் அனுமதித்தார்? மக்களுக்கு நேரில் விளக்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறான். வழிதவறி வந்த ஒரு கப்பலில் இருவரும் ஏறி, ஸலாமான் ஆளும் அந்தத் தீவுக்குப் போகிறார்கள்.

அவனிடம் கேட்க வந்தவர்கள் ஊரிலேயே அறிவிற் சிறந்தவர்கள். மேலோட்டமானதைச் சொல்லும்வரை கேட்டார்கள். கொஞ்சம் உள்ளே போனதும் முகம் சுருங்கியது. முகத்துக்கு நேரே மரியாதை, மனத்துக்குள் வெறுப்பு. இரவும் பகலும் சொன்னான், விலகித்தான் போனார்கள். அப்போதுதான் அவனுக்கு விளங்கிற்று. எல்லாரும் ஒரே பாதையில் ஏற முடியாது. உருவகமும் சட்டமும் அவர்களைத் தாங்கிப் பிடித்திருக்கும் கைகள். அதைப் பிடுங்கிவிட்டு இவன் தரப்போவதை அவர்களால் பிடிக்க முடியாது, நடுவில் விழுந்துவிடுவார்கள். நபி ஏன் அப்படிப் பேசினார் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஸலாமானிடமும் அவன் தோழர்களிடமும் போய், தான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கிறான். இருக்கும் வழியையே விடாமல் பற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்கிறான்.

இதைப் படித்து, படித்தவர்களுக்கு ஒன்று பாமரர்களுக்கு ஒன்று என்கிறாரே என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஹய் அடைந்த தோல்வியை இப்னு துஃபைல் மக்களின் குற்றமாக மட்டும் வைக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். மொழியே இல்லாமல் ஐம்பது வயது வரை வளர்ந்தவனுக்கு, ஒரு மனிதன் எப்படிப் பயப்படுவான், எதை இழக்க அஞ்சுவான் என்பது தெரியாது. மானின் நெஞ்சைத் திறக்கும் முன் எவ்வளவு யோசித்தவன், மனிதர்களின் நெஞ்சைத் திறக்கும்போது யோசிக்கவே இல்லை. அரண்மனையில் பயந்து நின்ற இப்னு ருஷ்துக்காக இப்னு துஃபைலும் கலீஃபாவும் பேசிப் பேசி, அவர் தானாக வாய் திறக்கும் வரை காத்திருந்தார்களே, அந்தப் பொறுமை ஹய்யிடம் இல்லை.

ஆசிரியரை நேரில் காணாமல் கற்பது இப்னு துஃபைலுக்கேகூட அனுபவம்தான். முன்னுரையில், முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினான அந்தலூசியாவின் பெரிய தத்துவவாதியான இப்னு பாஜாவைப் பற்றி மதிப்போடு எழுதிவிட்டு, அவரை நேரில் சந்தித்ததில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். அவரைப் பற்றி அறிந்ததெல்லாம் தன் கைக்கு வந்து சேர்ந்த எழுத்துகளால். நூலின் கடைசியில், மறைத்து வைக்க வேண்டிய ரகசியத்தைப் பேசிவிட்டதற்காக மன்னிப்புக் கேட்கிறார். மெல்லிய திரை ஒன்றைப் போட்டுத்தான் வைத்திருக்கிறேன், தகுதியுள்ளவர் கை பட்டால் அது கிழிந்துவிடும் என்கிறார்.

ஹய்யும் அப்ஸாலும் அந்த ஊரை விட்டுத் தங்கள் தீவுக்குத் திரும்புகிறார்கள். ஹய் பழைய நிலையைத் தேடுகிறான், மீண்டும் அடைகிறான். அவனுக்குப் பேசக் கற்றுக்கொடுத்த அப்ஸால் இப்போது அவனைப் பார்த்துக் கற்கிறான். ஏறக்குறைய அவன் நிலையை எட்டியும் விடுகிறான். சாகும்வரை இருவரும் அங்கேயே இறைவனை வணங்கியபடி இருந்தார்கள்.